கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும்போது, முழங்கை நேராகாமல் எடுத்தால் அது புல்-அப் ஆகுமா?

கல்லடியான்:
நேற்று நமது குழுவில் ஒரு தம்பி வீடியோ போட்டிருந்தார். "இரண்டே மாதத்தில் 3 புல்-அப்பிலிருந்து 20, தினமும் கை சோரும்வரை எடுத்தேன்" என்று மார்தட்டல். கீழே வாழ்த்துகள் குவிந்து கிடக்கின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் நான்கைந்தைத் தவிர எதிலும் முழங்கை நேராகவே இல்லை. பாதி வழி இறங்குகிறார், அங்கிருந்தே திரும்ப ஏறுகிறார். அமெரிக்க மரைன் படையின் உடற்தகுதித் தேர்வில் கை முழுதாக நீண்டு தொங்கிய பிறகே அடுத்ததைத் தொடங்கலாம். தாடையும் கம்பிக்கு மேலே போக வேண்டும். இவருடைய 20 அங்கே 5 ஆகிவிடும்.

கல்முனைச்சிங்கம்:
வீடியோ என்னுடையதுதான். "ஒரு தம்பி" என்று மறைத்து எழுதத் தேவையில்லை. நான் மரைன் படைக்கு விண்ணப்பிக்கவில்லை, அண்ணன். முதுகு அகன்றிருக்கிறது, பழைய சட்டைகள் தோளில் ஏற மறுக்கின்றன. உங்கள் கணக்கில் அது வராவிட்டால் எனக்கென்ன நட்டம்?

கல்லடியான்:
சட்டையைப் பற்றி யார் கேட்டது? முழங்கை நேரானதா, இல்லையா?

வாவிக்கரை:
முழங்கையை விடுங்கள். எனக்கு உறுத்துவது "தினமும் கை சோரும்வரை" என்பதுதான். சோவியத் மண்ணில் பிறந்த உடற்பயிற்சியாளர் பாவெல் சற்சூலின் பரப்பிய முறை இதற்கு நேரெதிர். ஒருவரால் 8 முடியுமென்றால் ஒரு தடவைக்கு 4 மட்டும். அதையே காலையிலிருந்து மாலைவரை இடைவெளி விட்டுப் பல தடவை. களைப்பு வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நாள்தோறும் கை விடும்வரை இழுத்தால் முழங்கையின் உட்பக்கத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வீங்கி, தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலும் வலிக்கும்.

கல்முனைச்சிங்கம்:
ஆம்ஸ்ட்ரோங் என்ற மரைன் படை மேஜரின் திட்டத்தில் வாரத்துக்கு 5 நாட்கள் கம்பியில் தொங்க வேண்டும். முதல் நாளே 5 சுற்றுகள், ஒவ்வொன்றும் முடிந்தவரை, நடுவில் 90 விநாடி ஓய்வு. அவருக்கு முழங்கை வீங்கவில்லையா?

கல்லடியான்:
மரைன் படையில் சேரவில்லை என்றவர் இப்போது அதே படையின் மேஜரைத் துணைக்கு அழைக்கிறார்! சரி. அந்தத் திட்டத்தில் வாரத்துக்கு 2 நாட்கள் ஓய்வு. சில நாட்களில் சுற்றுகள் முடிந்தவரை அல்ல, அளவோடுதான். அது உங்கள் வீடியோவில் இல்லை. முழங்கை நேராவதும் இல்லை.

ஏறாவூர்க் காக்கா:
தம்பிமார், ஒரு சந்தேகம். வீடியோவில் உள்ளங்கை முகத்தைப் பார்த்திருக்கிறது. அது சின்-அப் அல்லவா? புல்-அப் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு சண்டை பிடியுங்கள்.

கல்லடியான்:
காக்கா, பிடி எப்படியும் இருக்கட்டும். கேள்வி முழங்கை. முழுதாகத் தொங்கும் நிலையில் தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துத்தான் ஏற்றம் தொடங்குகிறது. அந்த முதல் சில அங்குலங்களில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதை விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஆடினால் நடுப்பகுதிக்குத்தான் பலம் வரும். எங்கள் வீட்டு விறாந்தைத் தூணுக்கும் தென்னைக்கும் நடுவே தண்ணீர்க் குழாயைக் கட்டித்தான் நான் பழகினேன். கடற்காற்றில் அது துருவேறி, உள்ளங்கை முழுவதும் செங்கல் நிறமாகிவிடும். அப்படியும் ஒவ்வொரு தடவையும் முழுதாகத் தொங்கித்தான் ஏறினேன்.

கல்முனைச்சிங்கம்:
தென்னையின் பாவம். உங்கள் எடை என்ன, அண்ணன்? மெலிந்தவருக்குக் கம்பி எளிது. என்னுடையது 84 கிலோ.

கல்லடியான்:
எடையைக் கேட்டால் முழங்கை நேராகிவிடுமா?

மட்டுநகர்ப் பெண்:
ஒன்றுகூட எடுக்க முடியாமல் இதை வாசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறோம். அவர்களுக்காக: கதிரையில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, ஐந்து விநாடியாவது எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஏற்ற முடியாத பாரத்தையும் தசையால் இறக்க முடியும். அதனால் ஏற்றமே வராதவருக்கும் இதில் பலம் கூடும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் 2, 3 நிமிடம் ஓய்வு விடுங்கள். எனக்கு முதல் புல்-அப் இப்படித்தான் வந்தது.

கல்லடியான்:
பார்த்தீர்களா, தங்கச்சியும் நான் சொன்னதைத்தான் சொல்கிறார். கீழேவரை இறங்க வேண்டும்.

மட்டுநகர்ப் பெண்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. தங்கச்சி என்று யார் சொன்னது? உங்களைவிட மூத்தவளாகவும் இருக்கலாம்.

கல்லடியான்:
வயதை விடுங்கள், அக்கா. முழங்கை.

வாவிக்கரை:
தசைநாண் பற்றி எழுதினேன். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. வலி வரும்போது இந்த உரையாடலைத் தேடிக்கொண்டு வருவீர்கள்.

கல்முனைச்சிங்கம்:
மட்டக்களப்பாருக்கு எப்போதும் இதே வேலை. அம்பாறை மாவட்டத்தில் ஒருவன் முன்னேறினால் பொறுக்காது.

கல்லடியான்:
வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய ஊர் இது. எங்களுக்கு யார்மேலும் பொறாமை இல்லை. துணிவிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வெபர் மைதானத்துக்கு வாருங்கள். பக்கத்தில் ஒரு கம்பியைக் கட்டி, எல்லோர் முன்னிலையிலும் எண்ணுவோம். மத்தியஸ்தரை நான் ஏற்பாடு செய்கிறேன்.

கல்முனைச்சிங்கம்:
40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து உங்கள் மச்சான் வாயால் "ஐந்து" என்று கேட்கவா? சென்ற ஆண்டு கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று கொடுத்தவர் அவர்தானே?

ஏறாவூர்க் காக்கா:
அன்று நானும் அங்கே நின்றேன். பந்து வெளியேதான்.

கல்லடியான்:
காக்கா, நீங்கள் நின்றது மறுபக்கம். பந்து கோட்டில் விழுந்தது. கோட்டில் விழுந்தால் உள்ளே. விதியை வாசித்துவிட்டு வாருங்கள்.

கல்முனைச்சிங்கம்:
கோடு எங்கே, பந்து எங்கே! வீடியோ இருக்கிறது. இன்றிரவு ஏற்றுகிறேன்.