ராசியாவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?

வணக்கம், ஒரு சின்ன உதவி. வரப்புத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. தை மாதம் தங்கச்சி கல்யாணம், பத்திரிகை வைக்கப் போகும்போது நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து யோசித்து, வார்த்தை தேடும் பைத்தியமே பிடித்துவிட்டது.

சண்டைக்கு நம்மிடம் பஞ்சமில்லை: பிணக்கு, மனத்தாங்கல், வன்மம். சேர்வதற்கு? 'சமாதானம்' வடமொழி, 'ராஜி' அரபியிலிருந்து வந்தது, கேட்டாலே கோர்ட்டு வாசனை. பழைய தமிழில் 'சந்து செய்தல்' உண்டு, இன்று சொன்னால் தெருச்சந்து என்றுதான் நினைப்பார்கள். 'ஊடல் தணித்தல்' புருஷன் பெண்டாட்டிக்கு, திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரமும் அந்தச் செல்லச் சண்டைதான். அதைப் போய்ப் பெரியப்பாவிடம் சொல்ல முடியுமா! பள்ளிக்கூடத்தில் 'காய்' விட்டவன் விரலை நீட்டிப் 'பழம்' என்றால் தீர்ந்தது.

உங்கள் வீட்டில் முறிந்த உறவு ஒட்டியபோது யார் முதலில் பேசினார்கள், என்ன சொன்னார்கள்? "பெரியம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க" மாதிரி சாதாரணப் பேச்சாக இருந்தாலும் சரி, உங்கள் வட்டாரத் தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த வாரம் கிளம்புகிறோம்.