கலைச்சொல் பரிந்துரை: இடைப்பருவ மாற்றங்களை மதிப்பிட "ஒப்புநிகரம்"

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு பேஸ்பால் அணி, ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்குள் செய்துகொள்ளும் ஆள்மாற்றங்களை, அதன் முதன்மைப் போட்டி அணி செய்துகொண்ட மாற்றங்களோடு சேர்த்து எடைபோடுவதற்கு ஒரு சொல் வேண்டும் என்ற கேள்விக்கு வந்த விடைகளை நிதானமாகப் படித்தேன். "ஆஃப்சீசன்" என்பதற்கு "இடைப்பருவம்" பொருந்தும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. "ஓய்வுப்பருவம்" வேண்டாம், ஆட்டக்காரர்கள் ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் அணி நிர்வாகத்துக்கு வேலை மிகுதி. மீதமிருப்பது மதிப்பீட்டுக்கான சொல்.

> "வலுவேற்றம்" என்றே சொல்லிவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அது வரவை மட்டுமே காட்டும் சொல். 2003-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் யாங்கீஸ் அணி கேரி ஷெஃபீல்டை ஒப்பந்தம் செய்தது. கெவின் பிரௌனையும் ஹவியெர் வாஸ்கேஸையும் ஆள்மாற்று வழியாகக் கொண்டுவந்தது. பிப்ரவரியில் அலெக்ஸ் ரோட்ரிகஸையே பெற்றது. இந்தப் பட்டியலைப் பார்த்தவர் எவரும் வலுவேற்றம் என்றுதான் சொல்வார். அதே குளிர்காலத்தில் ஆண்டி பெட்டிட், ரோஜர் கிளெமென்ஸ், டேவிட் வெல்ஸ் ஆகிய மூன்று பந்தெறிவாளர்கள் வெளியேறினார்கள். அணி வெல்லும் ஆட்டத்தின் வெற்றியை ஒரு பந்தெறிவாளரின் பேரில் எழுதுவது பேஸ்பால் வழக்கம்; 2003-இல் அம்மூவரின் கணக்கில் இருந்த வெற்றிகள் 21, 17, 15, கூட்டினால் 53. பெட்டிட்டும் வெல்ஸும் இடக்கைக்காரர்கள் என்பதால், தொடக்கப் பந்தெறிவாளர் வரிசையில் இடக்கையின் பங்கும் அவர்களோடு போயிற்று. எண்ணெய் வாங்கப் பாத்திரம் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் பாத்திரத்தின் எடையைக் கழிக்கத் தடை கட்டிவிட்டுத்தான் நிறுப்பார். போனவர்களைக் கழிக்காமல் வந்தவர்களை மட்டும் எண்ணுவது, தடை கட்டாமல் நிறுப்பதற்குச் சமம்.

> அப்படியானால் "நிகர வலுவேற்றம்"?

முதற்குறை இதில் தீர்ந்துவிடுகிறது. நிகர லாபம், நிகர மதிப்பு என்று பழகியவர்களுக்கு "நிகர" என்ற அடை உடனே புரியும். இரண்டாவது குறை அப்படியே நிற்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய குறை. யாங்கீஸின் கணக்கை எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும், அதன் முதன்மைப் போட்டி அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸில் என்ன நடந்தது என்று தெரியாமல் அது பாதிக் கணக்கு. ரெட் சாக்ஸ் அணி 2003 நவம்பரில் அரிசோனாவிடமிருந்து கர்ட் ஷில்லிங்கைப் பெற்றது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காத்துத் தரும் பந்தெறிவாளராகக் கீத் ஃபோக்கை ஒப்பந்தம் செய்தது.

ரோட்ரிகஸின் கதைதான் இந்த விவாதத்துக்கு மிகவும் பயன்படுவது. அவரை முதலில் பெறவிருந்தது பாஸ்டன். அப்போது அவர் ஆடிவந்த டெக்சஸ் அணியுடன் பேச்சு முடியும் தறுவாயில், அவருடைய ஒப்பந்தத் தொகையைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆட்டக்காரர் சங்கம் ஏற்க மறுத்ததால் டிசம்பரில் அந்த முயற்சி முறிந்தது. ஜனவரியில் யாங்கீஸின் மூன்றாம் தளக் காப்பாளர் ஏரன் பூன் கூடைப்பந்து ஆடும்போது முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். அந்த இடத்தை நிரப்ப, அல்போன்சோ சொரியானோவைக் கொடுத்து ரோட்ரிகஸை வாங்கினார்கள். பாஸ்டனின் பட்டியலில் இந்த நிகழ்வுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை; ஆனாலும் போட்டி அணியோடு உள்ள இடைவெளி மாறிவிட்டது. "நிகர வலுவேற்றம்" என்ற சொல்லுக்குள் இந்த மாற்றம் அடங்காது.

> "வலித்தூக்கு" என்று பழஞ்சொற்களைக் கொண்டு ஆக்கலாம். வலி – வலிமை. தூக்குதல் – நிறுத்துப் பார்த்தல்.

சொல்லின் வேர் அழகானது, இதை முன்வைத்த ஐயாவின் தமிழறிவின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இன்றைய வாசகர் வலி என்றால் நோவு என்றும், தூக்கு என்றால் தண்டனை என்றும்தான் படிப்பார். விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு சொற்களுக்கும் அடிக்குறிப்பு எழுத முடியாது.

நான் முதலில் "எதிர்நிகரம்" என்று எழுதிவைத்திருந்தேன். எதிரணியைக் கருதிய நிகரம் என்பது என் நினைப்பு. ஆனால் கணக்குப் பாடத்தில் "எதிர்" என்பது சுழியத்துக்குக் கீழுள்ளதைக் குறிப்பதால், அணி நட்டப்பட்டுவிட்டது என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. ஆகவே அதைக் கைவிட்டு "ஒப்புநிகரம்" என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியோடு ஒப்பிடுவதை "ஒப்படர்த்தி" என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அங்கே "ஒப்பு" செய்யும் வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. "நிகர்" என்பதற்கு ஈடு, இணை என்ற பொருளும் இருப்பதால், இன்னாருக்கு இன்னார் நிகரா என்று கேட்கும் வழக்கும் இச்சொல்லுக்குள் ஒலிக்கிறது.

வரையறை: இரண்டு அணிகளும் ஓர் இடைப்பருவத்தில் பெற்றவற்றிலிருந்து இழந்தவற்றைக் கழித்துக் கிடைக்கும் இரு நிகரங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒப்புநிகரம். ஒரே ஆட்டக்காரர் நேரடியாகப் போட்டி அணிக்கே போய்விட்டால், ஒரு பக்கத்தில் இழப்பாகவும் மறுபக்கத்தில் வரவாகவும் அவர் இரண்டு முறை எண்ணப்படுவார். 1919 டிசம்பரில் பாஸ்டன் தன் பேப் ரூத்தை யாங்கீஸுக்கே விற்க இசைந்தது, அப்படிப்பட்ட மாற்றம்.

ஒரு நண்பர், எந்த அளவால் கணக்கிடுவது என்று கேட்டிருந்தார். சொல் அளவுகோலைக் கட்டுப்படுத்தக் கூடாது. முன்பருவ வெற்றிகளையோ வேறு மதிப்பெண்ணையோ ஆய்வாளர் தேர்ந்துகொள்ளட்டும். ஆனால் ஒப்புநிகரம் என்பது ஏப்ரலுக்கு முன் போடும் கணக்கு என்பதை வரையறையிலேயே எழுத வேண்டும் என்பேன். 162 ஆட்டங்களில் யாங்கீஸ் 2003-இல் 101, 2004-இல் மறுபடியும் 101 வெற்றி. பாஸ்டன் 95-இலிருந்து 98. இடைவெளி ஆறிலிருந்து மூன்றானது. அதில் காயமும் பருவ நடுவில் செய்த மாற்றங்களும் கலந்திருக்கின்றன. செப்டம்பரில் கெவின் பிரௌன் கோபத்தில் சுவரைக் குத்தி இடக்கையை உடைத்துக்கொண்டதை எந்த இடைப்பருவக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இருந்தும், 2004 அக்டோபர் 20 இரவை நான் மறப்பதில்லை. யாங்கீஸும் பாஸ்டனும் மோதிய அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்றுவிட்டு அடுத்த மூன்றையும் வென்று வந்திருந்தது பாஸ்டன். யாங்கீஸின் தொடக்கப் பந்தெறிவாளர் பிரௌன் இரண்டாவது இன்னிங்சிலேயே, மூன்று தளங்களிலும் பாஸ்டன் ஆட்டக்காரர்கள் நின்ற நிலையில் வெளியேறினார். அடுத்து வந்த வாஸ்கேஸ் எறிந்த முதல் பந்தையே பாஸ்டனின் ஜானி டேமன் வலப்புறப் பார்வையாளர் பகுதிக்கு அடித்தார், நான்கு ஓட்டங்கள். ஆட்டம் 10–3, பாஸ்டனுக்கு வெற்றி. போன மூவருக்கு ஈடாக வந்த இருவர், ஒருவர் பின் ஒருவராக அந்தப் பந்தெறி மேட்டில் நின்றார்கள்.

எழுத்துமுறை பற்றி ஒன்று: "ஒப்புநிகரம்" என்று சேர்த்தே எழுதலாம், பெயரடையாக "ஒப்புநிகர மதிப்பீடு". அகராதிப் பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியமாக இதை முன்வைக்கிறேன்: "ஷில்லிங்கின் வருகையையும் பெட்டிட்டின் வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், பந்தெறிதலில் ஒப்புநிகரம் பாஸ்டனுக்குச் சாதகமாக இருந்தது." மறுப்பிருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்