ஆறு ஏக்கரும் ஒரு மரக்கட்டை வீடும்: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

சனிக்கிழமை

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். நேற்று ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தோம். முழு மரக்கட்டைகளைப் படுக்கை வசத்தில் அடுக்கிக் கட்டியது. சுற்றி 6 ஏக்கர் நிலம். 20 வருடத்துக்கு முன்னால் கட்டியதாம்.

அண்ணன்: (படம்) (படம்) (படம்)

அண்ணி: உள்ளே நுழைந்ததுமே மர வாசனை! உத்திரம் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்மா: பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சுவர், கூரை, தரை எல்லாமே மரமாக இருக்கிறதே, தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?

சித்தப்பா: அண்ணி, பெரிய கட்டை அவ்வளவு சீக்கிரம் எரிந்து போகாது. வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பு. மணிக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான் உள்ளே இறங்கும். அதற்காகக் கவனக்குறைவாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. விறகு அடுப்பு இருந்தால் புகைபோக்கியை வருடம் ஒருமுறை சுத்தம் செய்தே ஆக வேண்டும், உள்ளே படியும் தார் மாதிரியான கசடுதான் பற்றிக்கொள்ளும். சுவரை ஒட்டி விறகு அடுக்கக் கூடாது.

சித்தப்பா: தம்பி, நீ போட்ட படம் எல்லாம் கூரை, சன்னல், வரவேற்பறை. எனக்கு வேண்டியது வேறு. சுவரின் அடிமரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நான்கு மூலை. அதைப் போடு.

அண்ணன்: அதை எடுக்கவில்லை சித்தப்பா. நாளை மறுபடி போகிறோம், எடுத்துவிடுகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சித்தப்பா: (குரல் பதிவு)

அண்ணி: சின்ன மாமா, எழுதிப் போடுங்களேன். அங்கே போய் நிற்கும்போது படித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

சித்தப்பா: சரி, எழுதுகிறேன். மரக்கடையில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மரத்துக்கு முதல் எதிரி ஈரம். காளான் பிடித்து இற்றுப்போக ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலே நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும்வரை மரம் தலைமுறை தாண்டி நிற்கும். இரண்டு ஊசி வைத்த ஈரம் பார்க்கும் மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள். ஒரு நல்ல திருப்புளியும் கையில் இருக்கட்டும்.

சித்தப்பா: மழைத்தண்ணீர் கூரையிலிருந்து விழுந்து தரையில் பட்டுத் தெறிக்கும். தெறிக்கிற இடம் அடிமரம். அது தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கி இருந்தால் நல்லது. கூரை சுவரைத் தாண்டி 2 அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் எவ்வளவு எண்ணெய் பூசியும் பயனில்லை. அடிமரத்தைத் தட்டிப் பார், கணீர் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அங்கே திருப்புளியை அழுத்து. நல்ல மரத்தில் முனை ஏறாது.

மாமா: மாப்பிள்ளை, வீட்டை உன் சித்தப்பா பார்த்துக்கொள்வார். நான் நிலத்துக்கு வருகிறேன். 6 ஏக்கர் என்றால் 2,61,360 சதுர அடி. இதில் எவ்வளவு சரிவு, எவ்வளவு மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற இடம், எவ்வளவு நிஜமாகவே பயன்படும்? எல்லைக் கற்களைக் கண்ணால் பார்த்தாயா?

அண்ணன்: விற்பவர் கை காட்டினார் மாமா. அந்தப் பெரிய மரம் வரை, இந்தப் பக்கம் ஓடை வரை என்று.

மாமா: கை காட்டியதெல்லாம் எல்லை ஆகாது. அளவையர் வந்து அளந்து கல் காட்ட வேண்டும். ஓடை வருடத்துக்கு வருடம் இடம் மாறும். இன்னொன்று, சாலையிலிருந்து வீடு வரைக்கும் வண்டி எந்த நிலத்தின் வழியாகப் போகிறது?

அண்ணி: மண் பாதை ஒன்று இருக்கிறது மாமா. அரை மைல் இருக்கும். இரண்டு பக்கமும் மரம், அவ்வளவு அழகு.

மாமா: அழகு இருக்கட்டும் அம்மா. பாதை யாருடையது?

அண்ணி: அது தெரியவில்லையே.

மாமா: அதைத் தெரிந்துகொண்டுதான் முன்பணம்.

நான்: கிணறு, கழிவுத்தொட்டி எல்லாம் எப்படி அண்ணா? அங்கே குழாய்த் தண்ணீர் வராது இல்லையா?

அண்ணன்: ஆமாம், ஆழ்துளைக் கிணறுதான். கழிவுக்கு செப்டிக் டேங்க். இரண்டும் வேலை செய்கிறது என்றார்.

நான்: வேலை செய்கிறது என்பது போதாது. நான் பரிசோதனைக்கூடத்தில் தினமும் பார்ப்பது இதைத்தான். தண்ணீர் மாதிரி எடுத்து, கழிவு கலந்தால் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட் உப்பும் பார்க்கச் சொல். கண்ணுக்குப் பளிங்கு மாதிரித் தெரிகிற தண்ணீரிலும் நைட்ரேட் இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது ஆபத்து, கொதிக்க வைத்தாலும் போகாது. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து வா. 100 அடி இருந்தால் நிம்மதி. கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேள், 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது அது.

மாமா: பாப்பா சொல்வது சரி. மோட்டாரைச் சில மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்க்கச் சொல். திறந்த உடனே எல்லாக் கிணறும் தண்ணீர் தரும்.

அம்மா: இவ்வளவு வேலை இருக்கிற இடத்தை ஏன் வாங்க வேண்டும்? பக்கத்தில் ஆள் இல்லை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி இல்லை.

அண்ணி: அத்தை, ஆஸ்பத்திரி வண்டியில் 25 நிமிடம், நாங்கள் ஓட்டியே பார்த்தோம். வேலை இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் மண்ணில் கால் வைத்து வளர வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. ஆசைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டோம். அதனால்தான் இங்கே எல்லோரிடமும் கேட்கிறோம்.

அம்மா: சரிம்மா. நீங்கள் யோசிக்காமல் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். கேட்டு வைத்தேன்.

அண்ணி: இன்னொரு சந்தேகம். சுவர் மரங்களில் நீளவாக்கில் வெடிப்பு நிறைய. அது பலவீனமா சின்ன மாமா?

சித்தப்பா: நல்ல கேள்வி மருமகளே. மரம் காயும்போது வெடிப்பது இயல்பு, பலம் குறையாது. ஆனால் எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்று பார். வெடிப்பின் வாய் கீழே பார்த்திருந்தால் விட்டுவிடு. மேலே பார்த்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேயே தங்கும். உள்ளிருந்து இற்றுக்கொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. கால் அங்குலத்துக்கு மேல் அகலமாக, மேல் நோக்கி இருக்கிற ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும்.

சித்தப்பா: அப்புறம், மரம் குறுக்கில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. படுக்கையாக அடுக்கிய சுவர் அதனால் இறங்கும். பச்சை மரத்தில் கட்டியிருந்தால் 8 அடிச் சுவர் 4, 5 அங்குலம் வரைகூட இறங்கலாம். ஆனால் நின்ற தூண் இறங்காது! அதனால் விவரம் தெரிந்தவர் கட்டிய வீட்டில் தூணுக்கு அடியிலோ தலையிலோ திருகு ஜாக்கி (திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரும்புத் தாங்கி) இருக்கும், சன்னலுக்கு மேலே இடைவெளி விட்டு மறைப்புப் பலகை அடித்திருப்பார்கள். ஜாக்கியை இறக்காமல் விட்டிருந்தால் கூரை தூணில் தொங்கும், சுவர் தனியாக இறங்கும். 20 வருட வீட்டில் பெரும்பாலும் இறங்கி முடிந்திருக்கும். கதவுகள் தடையில்லாமல் திறக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அண்ணன்: இவ்வளவு இருக்கிறதா! எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன்: வந்து சேர்ந்துவிட்டோம். நீங்கள் கேட்ட படங்கள்.

அண்ணன்: (படம்) (படம்) (படம்) (படம்) (படம்)

அண்ணன்: கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் அடிமரம் நன்றாக இருக்கிறது. மீட்டர் 13, 14, 15 என்று காட்டியது. கதவெல்லாம் சுலபமாகத் திறக்கிறது. தூணுக்கு அடியில் ஜாக்கி இருக்கிறது, எண்ணெய் கூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். மேற்கு மூலையில்தான் பிரச்சினை. அங்கே இரண்டு கூரை சேரும் இடத்துத் தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் கொட்டுகிறது, கூரைத் தண்ணீரை ஏந்தி வெளியே விடும் தண்ணீர்த் தகரம் உடைந்து தொங்குகிறது. அடியிலிருந்து இரண்டு மரம் 27, 29 காட்டியது. திருப்புளி விரல் ஆழம் இறங்கிவிட்டது.

அண்ணி: திருப்புளியோடு வந்த மரம் பழுப்பாக, சின்னச் சின்னச் சதுரமாக உடைந்து கையில் பொடிந்துபோனது. அதற்கு மேல் மரத்தில் மேல் பார்த்த வெடிப்பு ஒன்று, உள்ளே பாசி.

சித்தப்பா: ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு அழுகல்தான், சந்தேகமே இல்லை. சுற்றி மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்ததா? குண்டூசித் தலை அளவு ஓட்டை?

அண்ணி: தூள் இல்லை. தாழ்வாரப் பலகையின் அடியில் விரல் நுழைகிற மாதிரி வட்டமான ஓட்டை நாலைந்து.

சித்தப்பா: அது தச்சு வண்டு. வண்டு போன பிறகு ஓட்டையை அடைத்து வண்ணம் பூசிவிடலாம். மாவு மாதிரித் தூள் இல்லாததுதான் பெரிய நிம்மதி, உளுத்துப்போகவில்லை. மண் குழாய் இல்லையே? கரையான் ஏறுகிற மண் கோடு?

அண்ணன்: அஸ்திவாரத்தைச் சுற்றி முழுக்க விளக்கடித்துப் பார்த்தேன். இல்லை.

அம்மா: அழுகிய மரத்தோடு வீட்டை வாங்குவதா? வேறு பாருங்கள் கண்ணு.

சித்தப்பா: அண்ணி, மரக்கட்டை வீட்டில் ஒரு வசதி, இற்றுப்போனதை மட்டும் மாற்றலாம். சுவரை ஜாக்கி வைத்துத் தாங்கி, கெட்ட மரத்தை எடுத்துப் புதியதைச் செருகுவார்கள். ரஷ்யாவில் கிஷி தீவில் 1714இல் கட்டிய மரக்கோயில் ஒன்று இருக்கிறது, 22 கும்மட்டம் வைத்தது. அதன் சுவர்களை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்து, கெட்ட மரத்தை மாற்றித் திரும்பக் கோர்த்தார்கள். அதுவரை மேலே உள்ள பாரத்தை உள்ளே இருந்த இரும்புச் சட்டம் தாங்கியது. நம் பிள்ளை பார்த்தது ஒரு மூலையில் இரண்டு மரம். செய்ய முடிகிற வேலைதான். ஆனால் தெரிந்த ஆள் செய்ய வேண்டும், செலவு கணிசமாக ஆகும், அதை விலையில் கழிக்க வேண்டும்.

சித்தப்பா: தண்ணீர்த் தகரத்தை முதலில் சரிசெய்யாமல் மரத்தை மாற்றினால் புது மரமும் இற்றுப்போகும். வரிசை அதுதான்.

அண்ணன்: மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் பூசியிருக்கிறதே, அது மேல் மரத்திலிருந்து நக இடைவெளி பிரிந்திருக்கிறது. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாமா?

சித்தப்பா: சிமென்ட் கூடாது, அது மரத்தோடு அசையாது. அதற்கென்றே இழுபடும் அக்ரிலிக் பூச்சு இருக்கிறது. உள்ளே முதலில் நுரைக் கயிற்றைச் செருகி அதன் மேல் பூச வேண்டும். அப்போதுதான் பூச்சு மேல் மரத்தையும் கீழ் மரத்தையும் மட்டும் பிடிக்கும், நடுவில் ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். வெளியே பூசுவதும் மரம் மூச்சு விடுகிற ஸ்டெயினாக (மரத்துக்குள் ஊறும் சாயப் பூச்சு) இருக்கட்டும், கெட்டியான வார்னிஷ் வேண்டாம். வெயில் அடிக்கிற பக்கத்துக்கு 3 முதல் 5 வருடத்தில் மறுபடி பூச வேண்டி வரும். அதை இப்போதே வீட்டுக் கணக்கில் எழுதி வை.

மாமா: பாதை விஷயம் என்ன ஆச்சு?

அண்ணன்: விசாரித்தோம் மாமா. பாதி தூரம் பக்கத்து நிலத்துக்காரருடையது. எழுத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் யாரும் தடுக்கவில்லை என்கிறார் விற்பவர்.

மாமா: தடுக்காதவர் நிலத்தை விற்றால்? புதிதாக வருபவர் வாசலில் சங்கிலி கட்டினால்? வீட்டுக்குப் போக வழி கேட்டு வழக்கு நடத்த வேண்டி வரும். வண்டிப்பாதை உரிமை, அகலம் இவ்வளவு, மின்கம்பியும் குழாயும் கொண்டுபோகலாம், பாதையை யார் பராமரிப்பது என்று எழுதிப் பதிவாக வேண்டும். நிலம் கை மாறினாலும் அது செல்ல வேண்டும். மரத்தை மாற்றிக்கொள்ளலாம், பாதையை நீ நினைத்தால் உண்டாக்க முடியாது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை மாப்பிள்ளை.

அண்ணி: பக்கத்து நிலத்துக்காரரிடமே பேசினோம். வயதானவர். கையெழுத்துப் போடத் தயார் என்றார்.

மாமா: அப்படியானால் தள்ளிப்போடாதே. அவர் நலமாக இருக்கும்போதே, விற்பவர் செலவிலேயே முடிக்கச் சொல்.

நான்: தண்ணீர் மாதிரி எடுத்தாயா அண்ணா?

அண்ணன்: எடுத்துக் கொடுத்தாயிற்று, வாரக் கடைசியில் முடிவு வரும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 130 அடி, நாடா வைத்து அளந்தேன். மோட்டார் 3 மணி நேரம் ஓடியது, தண்ணீர் குறையவில்லை.

அண்ணன்: வங்கியில் ஒரு சிக்கல். அந்தப் பக்கம் இந்த மாதிரி வீடு விற்றதே அபூர்வமாம், ஒப்பிட்டு மதிப்புப் போட ஆள் தேடுகிறார்கள். தாமதமாகும்.

மாமா: ஆகட்டும், அவகாசம் நமக்கு நல்லதுதான். கடன் வரவில்லை என்றால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுது. பாதைப் பத்திரம் பதிவானால்தான் கிரயம் என்றும் எழுது. தீ காப்பீட்டுக்கும் இப்போதே விலை கேள், தீயணைப்பு நிலையம் தூரம் என்றால் கூட்டித்தான் கேட்பார்கள்.

அம்மா: அப்போ வாங்கப் போகிறீர்களா?

அண்ணி: பாதையும் தண்ணீரும் சரியாக வந்தால் வாங்கலாம் என்று இருக்கிறோம் அத்தை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மா: வருகிறேன். அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

சித்தப்பா: தம்பி, நாளைக்கே ஒரு தார்ப்பாய் வாங்கி அந்த மேற்கு மூலையை மூடச் சொல் விற்பவரிடம். ஒவ்வொரு மழையும் நீ மாற்ற வேண்டிய மரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

அண்ணன்: இப்போதே போன் செய்கிறேன் சித்தப்பா.

மாமா: ஒப்பந்த வரைவு வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்பு. நில விவரம் எழுதிய பக்கத்தை முதலில் அனுப்பு.