டியூஷனுக்கு வினாத்தாள் தயாரிக்க மாதம் 1,999 ரூபாய் கட்டி ஏஐ வாங்கலாமா?

கேள்வி: மாலை வகுப்பு

வணக்கம். திண்டுக்கல் பக்கம் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோரும் தமிழ் வழி. வாராவாரம் தேர்வு வைப்பதால் வினாத்தாள் தயாரிக்க ஒரு ஏஐ செயலியை இலவசமாகப் பயன்படுத்துகிறேன். இரண்டு தொல்லைகள்.

ஒன்று, பாதி வேலையில் "இன்றைய அளவு முடிந்தது, சில மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று நின்றுவிடுகிறது. பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்துவிடுவார்கள். நான் எங்கே காத்திருப்பது?

இரண்டாவதுதான் பெரியது. அறிவியல் பாடத்தின் பிடிஎஃப்பைக் கொடுத்து "இயக்க விதிகள் பாடத்திலிருந்து மட்டும் கேள்வி எடு" என்றால், பாடத்தில் இல்லாததையெல்லாம் கேட்கிறது. ஒரு கேள்வியில் முடுக்கம் என்கிறது, அடுத்ததில் ஆர்முடுகல் என்கிறது. நிலைமம் என்று வர வேண்டிய இடத்தில் சடத்துவம். பிள்ளைகள் முழிக்கிறார்கள். 75 மதிப்பெண் தாள் கேட்டால் மேலே 75 என்று போட்டிருக்கிறது, கூட்டிப் பார்த்தால் வேறு எண்ணிக்கை வருகிறது.

காசு கட்டினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறான் மகன். அவன் சொல்லும் திட்டம் மாதம் 1,999. ஒரு பிள்ளையிடம் நான் வாங்குவது 500 ரூபாய், அதாவது நான்கு பிள்ளைகளின் ஃபீஸ் அதற்கே போய்விடும். கட்டிப் பயன்படுத்துகிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், கட்டலாமா?

பதில்: சிவகாசி டிடிபி

அக்கா, பணத்தைக் கட்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அந்தப் பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் பண்ணிப் பாருங்கள். தமிழ் வருகிறதா?

பதில்: மாலை வகுப்பு

இல்லை சார். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை போல வருகிறது. ஆனால் திரையில் தமிழ் நன்றாகத்தானே தெரிகிறது?

பதில்: சிவகாசி டிடிபி

நினைத்தது சரிதான். உங்கள் இரண்டாவது தொல்லைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோப்பு பழைய எழுத்துரு ஒன்றில் அச்சுக்கோத்தது. பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுவதால் உங்கள் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவிப் படிக்கும் ஏஐக்கு அந்த ஜே, கே, பி, ஓதான் போய்ச் சேரும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் அச்சு வேலையில் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடுகின்றன. என் கடைக்கு வரும் கோப்புகளில் அவை நிறைய உண்டு.

ஆக, உங்கள் ஏஐ அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை. "இயக்க விதிகள்" என்ற தலைப்பை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இயற்பியலிலிருந்து எழுதியிருக்கிறது. ஆர்முடுகல், சடத்துவம் இரண்டும் இலங்கைப் பாடநூல்களில் உள்ள சொற்கள். அது கற்றுக்கொண்ட தமிழில் இரண்டு நாட்டுப் பாடமும் கலந்து கிடக்கிறது, நம் புத்தகம் கையில் இல்லாதபோது எது கிடைக்கிறதோ அதை எடுத்துப் போடுகிறது. 1,999 கட்டினாலும் உள்ளே போவது அதே குப்பை என்றால் எழுத்தை மட்டும் உருவும் எந்தக் கருவியும் தடுமாறத்தான் செய்யும்.

காசில்லாத வழி இருக்கிறது. பாடத்தின் பக்கங்களைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட் போதும். கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். படத்தின் மேல் வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே எழுத்து முழுக்க யூனிகோடு தமிழில் வந்துவிடும். ஒரு கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், பக்கம் நேராக இருக்கட்டும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வரிகள் குறுக்கே ஓடிக் கலந்துவிடும். வந்த எழுத்தை ஒருமுறை படித்துத் திருத்தி, பாடவாரியாகச் சேமித்து வையுங்கள். வருஷம் முழுக்க உதவும்.

பதில்: கோர்ட் மொழிபெயர்ப்பு

நான் கட்டுகிறவன், அதனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். பத்திரம், ஒப்பந்தம், மனு எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் தொழில். 2023 பிப்ரவரியில் சாட்ஜிபிடி பிளஸ் 20 டாலருக்கு வந்த காலத்திலிருந்தே கட்டணத் திட்டங்களில் இருக்கிறேன். எனக்கு அது வீண் செலவில்லை. நீளமான ஆவணத்தை முழுதாக ஏற்றலாம், நடுவில் நிற்பது குறைவு, முப்பதாவது பக்கத்திலும் முதல் பக்கத்தில் தந்த சொல்லையே கடைப்பிடிக்கச் சொல்லலாம். ஒரு பெரிய ஆவணத்தில் மிச்சமாகும் நேரமே மாதக் கட்டணத்தை ஈடுகட்டிவிடும்.

தமிழுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. இந்தக் கருவிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும். ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகத் துண்டுகள் ஆகும். முன்பு இது மிக மோசம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரித் தமிழ் வாக்கியம் 116 டோக்கனிலிருந்து 35-ஆகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் ஒரு உரையாடலில் அது நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தை நீளமான தமிழ்ப் பாடம் சீக்கிரம் நிரப்பும். இலவசத் திட்டங்களில் அந்த இடம் பொதுவாகச் சிறியது, நிரம்பியதும் ஆரம்பத்தில் கொடுத்தது கைவிட்டுப் போகும். மேடம், நீங்கள் ஒரே உரையாடலில் ஐந்து பாடங்களை ஏற்றுகிறீர்கள் என்றால் அதை விடுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு புதிய உரையாடல் தொடங்குங்கள். கேள்வியை நான்கு தடவையாகப் பிரித்துக் கேட்காமல் ஒரே செய்தியில் முழுதாகச் சொல்லுங்கள். அளவு தீருவதும் குறையும்.

என் கணக்கு இதுதான்: அந்தக் கருவியால் கூடுதல் வருமானமோ விற்கக்கூடிய நேரமோ கிடைத்தால் கட்டலாம். உங்களுக்கு ஐந்து மணிக்குள் தாள் தயாராக வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கு 1,999 அதிகம்.

பதில்: அரசுப் பள்ளி இயற்பியல்

அம்மா, பத்தாம் வகுப்பு அறிவியல் தாளின் அமைப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் 7, நான்கு மதிப்பெண் 7, ஏழு மதிப்பெண் 3. 12, 14, 28, 21, ஆக 75. "75 மதிப்பெண்ணுக்குத் தாள் கொடு" என்று மொத்தத்தை மட்டும் சொன்னால் அது கூட்டலில் சறுக்கும். பகுதி பகுதியாகக் கேட்டு நீங்கள் சேர்த்துக்கொள்வது நல்லது.

விடைக்குறிப்பை மட்டும் அதை நம்பி விடாதீர்கள். கட்டணக் கருவியும் தவறான விடையை அதே உறுதியோடு எழுதும். கணக்கீட்டு வினா என்றால் நீங்களே போட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். தப்பான விடையைப் படித்து மனப்பாடம் செய்த பிள்ளையிடமிருந்து அதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் இருவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தகப் பயிற்சி வினாக்களும் பழைய பொதுத்தேர்வுத் தாள்களும்தான் முதல் கையிருப்பு. அவற்றில் எண்களை மாற்றவும், பொருத்துக வினாவின் வரிசையைக் கலைக்கவும், ஒரே தாளுக்கு ஏ, பி என்று இரண்டு வடிவம் எடுக்கவும் ஏஐ அருமையாக உதவும். இலவசத் திட்டமே இதற்குத் தாராளம். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எந்தத் திட்டம் வாங்கினாலும் அதற்குத் தெரியாது.

பதில்: ஆடிட்டர் ஆபீஸ்

1,999-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் படிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி கோ என்ற திட்டம் இந்தியாவில் மாதம் 399-க்கு வந்தது, யூபிஐ-யிலேயே கட்டலாம். அந்த நவம்பர் 4 முதல் குறிப்பிட்ட காலத்துக்குள் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு இலவசமும் கொடுத்தார்கள். ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு 2025 ஜூலையில் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐயின் கட்டணத் திட்டமான புரோவை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் ஜியோ தன் அன்லிமிடெட் 5ஜி பிளான்காரர்களுக்குக் கூகுளின் ஏஐயான ஜெமினியின் புரோ திட்டத்தை 18 மாதத்துக்கு இலவசமாக அறிவித்தது. வீட்டில் யாராவது இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டுத் தொடாமலே வைத்திருக்கலாம். புதிதாக வாங்கும் முன் எல்லோர் போனையும் பாருங்கள்.

இலவசத்திலும் கவனம் வேண்டும். பல சலுகைகளில் சேரும்போதே கார்டோ யூபிஐ-யோ இணைக்கச் சொல்வார்கள், காலம் முடிந்ததும் பணம் தானாக எடுக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி முதல் தடவை அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே மாதாமாதம் போகும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான், ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள்? செயலியை டெலீட் செய்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே உள்ள சந்தா பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும், யூபிஐ என்றால் பணம் அனுப்பும் செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் சின்ன வியாபாரிகள் பலரின் பாஸ்புக்கில் இப்படி மறந்துபோன சந்தா ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க வயிறு எரிகிறது.

வருஷத்துக்குக் கட்டினால் மலிவு என்பார்கள், கட்டாதீர்கள். இந்த விலைகளும் சலுகைகளும் அடிக்கடி மாறுகின்றன.

பதில்: மாலை வகுப்பு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிடிபி சார் சொன்ன மாதிரி பாடத்தைக் கூகுள் டாக்ஸில் எடுத்தேன். பத்திகளைப் பிரித்து ஏற்றியதும் எழுத்து நன்றாகவே வந்தது. சமன்பாடுகள் மட்டும் கலைந்துவிட்டன, அவற்றைக் கையால் அடித்தேன். அந்த எழுத்தைக் கொடுத்து, இயற்பியல் சார் சொன்னபடி பகுதி பகுதியாகக் கேட்டேன். முடுக்கம், நிலைமம், உந்தம் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே வருகின்றன. பாடத்துக்கு வெளியே ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அடித்துவிட்டேன். எல்லாம் இலவசத் திட்டத்திலேயே.

மகன் போனைப் பார்த்தால் ஜியோ சலுகை திறக்காமலே கிடக்கிறது! பொதுத்தேர்வு சமயத்தில் வேலை கூடும்போது அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஏற்றி, யார் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லலாமா? கட்டணத் திட்டம் என்றால் அது பாதுகாப்பானதா?

பதில்: கோர்ட் மொழிபெயர்ப்பு

பெயரோடு ஏற்றாதீர்கள் மேடம். காசு கட்டிவிட்டால் நம் உரையாடலை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்க மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. சாட்ஜிபிடி பிளஸ் போன்ற தனிநபர் திட்டங்களில் அந்த அனுமதி தொடக்கத்திலேயே திறந்திருக்கும், அமைப்புகளுக்குள் போய் நாமேதான் அணைக்க வேண்டும். இலவசத் திட்டத்திலும் அதே பொத்தான் உண்டு. என் கட்சிக்காரர்களின் ஆவணங்களில் பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். நீங்கள் பெயருக்குப் பதில் 1, 2, 3 என்று எண் போடுங்கள், எந்த எண் யாருடையது என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

பதில்: ஆடிட்டர் ஆபீஸ்

ஜியோ சலுகையைத் திறக்கும்போது அது எந்தக் கூகுள் கணக்கில் சேர்கிறது என்று பாருங்கள் அம்மா. மகனின் கணக்கில் சேர்ந்துவிட்டால் பாடக் கோப்புகள் உள்ள உங்கள் கணக்கில் அது கிடைக்காது. முடியும் தேதியையும் அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.