‘வோல்ற்றளவு’க்கு நல்ல சொல் வேண்டும், நாளை மாலைக்குள்

அன்பின் நண்பர்களுக்கு,

வயரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் எழுதும் கைந்நூல் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. மின்சுற்றின் அடிப்படைக் கணியங்கள், அதாவது அளக்கக்கூடியவை, என்ற முதல் அத்தியாயத்திலேயே இன்னும் நிற்கிறேன். ஓட்டத்துக்கு அம்பியர், தடைக்கு ஓம், வலுவுக்கு உவாற்று. இவற்றில் சிக்கல் இல்லை. இடிப்பது ‘வோல்டேஜ்’ என்பதற்கு எழுதும் வோல்ற்றளவுதான். அலகின் பெயரோடு ‘அளவு’ என்று ஒட்டிவிட்டால் கணியத்துக்குப் பெயர் ஆகிவிடுமா? நீளத்தை யாராவது மீற்றரளவு என்கிறோமா?

எங்கள் சனம் எல்லாவற்றையும் கறண்ட் என்கிறது. நேற்று ஒரு பிள்ளை வந்து, “சேர், தோட்டத்து மோட்டர் உறுமுது, சுத்துதில்லை, கறண்ட் காணாது” என்றான். வீட்டிலிருந்து கிணறு 100 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்திருக்கிறார்கள். போக வர 200 மீற்றர். தடை இரண்டேகால் ஓம் வருகிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதன் நாலைந்து மடங்கு. 24 அம்பியர் என்று வைத்தாலும் 54 வோல்ற்று வயரிலேயே போய்விடும். 230 இல் மோட்டருக்கு மிஞ்சுவது 176. சுற்றாமல் நிற்கும் மோட்டரின் கொயிலுக்குள் ஓட்டம் கூடத்தான் ஓடுகிறது, அதனால்தான் எரிகிறது. ஆக, காணாதது கறண்ட் இல்லை. எது காணாது என்று அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல ஒரு சொல் தாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து

•

சேர், வணக்கம்.

அந்தச் சொல் எங்களிடம் இருக்கிறது: மட்டம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் அடிக்கணக்கில் சொல்கிறோம். துருசால், அதாவது மதகால், எவ்வளவு பாய்கிறது என்பது வேறு கணக்கு. மட்டம் ஏறினால் அதே துருசால் கூடப் பாயும். கதவைப் பதித்தால், மட்டம் இருந்தும் குறையப் பாயும். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மின்மட்டம் என்று போடுங்கள். “மோட்டருக்கு மட்டம் காணாது” என்று சொல்லிப் பாருங்கள், காதுக்குப் பழகின மாதிரி இருக்கும்.

முள்ளியவளையிலிருந்து

•

தம்பிமாருக்கு,

மட்டம் நல்ல சொல். ‘மின்’னோடு சேர்க்கும்போதுதான் கவனம் வேண்டும். மின், பின், பன், கன் என்ற நான்கு சொல்லும் தொழிற்பெயர் போலப் புணரும் என்பது தொல்காப்பிய விதி. உகரம் நடுவில் நிற்க வேண்டும். மின்னுக் கடிது என்றுதான் உரைகாரர் காட்டுவார்கள். அப்படியானால் மின்னுத்தடை, மின்னுமட்டம். அதை விட்டுப் பொதுவிதிக்குப் போனாலும் ‘மின்தடை’ வராது, ‘மிற்றடை’ என்றுதான் வரும். பொன் தாமரை பொற்றாமரை ஆவதைப் போல.

வோல்ற்று இன்னும் மோசம். வகரம் உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரோடும் மொழிக்கு முதலில் வராது. ஆகவே ‘வோ’ முதலிலேயே பிழை. அடுத்தது ல்ற்ற. இரண்டு ஒற்று அடுத்தடுத்து நிற்பது ய, ர, ழ மூன்றின் பின்தான்: வாய்ப்பு, பார்ப்பு, வாழ்க்கை. லகரத்தின் பின் நிற்காது. டகர ஒற்றில் சொல் முடியக்கூடாது என்று ‘வோல்ட்’டைத் திருத்தப் போய், இந்த இரண்டு விதியையும் உடைந்தபடியே விட்டுவிட்டார்கள். மறுபக்கம் உவாற்றைப் பாருங்கள். ‘வா’ தாராளமாக மொழிமுதலில் வரும். வாற்று என்றே எழுதலாம், அங்கே உகரம் எதற்கு? தேவையில்லாத இடத்தில் உகரத்தைப் போட்டு, தேவையான இடத்தில் விட்டுவிட்டோம். நான் ‘ஓற்று’ என்று எழுதுவேன். 5 ஓற்று, 230 ஓற்று.

வவுனியாவிலிருந்து

•

ஐயாவுக்கு வணக்கம்.

ஓட்டம், ஓம், ஓற்று. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கினால் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை கரும்பலகையில் எதை எது என்று வாசிப்பான்? இலக்கணம் சரியாக இருக்கலாம், வகுப்பு நடக்காது. ‘மின்னுத்தடை’ என்று எழுதினால் பரீட்சையில் திருத்துகிறவர் சுழித்துவிடுவார்.

மட்டத்திலும் எனக்கு உடன்பாடில்லை. உயர்தரத்தில் சத்திமட்டம் என்று அணுவுக்குள் ஏற்கெனவே ஒரு மட்டம் இருக்கிறது. அதோடு மட்டம் என்றால் பிள்ளை ஒரு புள்ளியை மட்டும் நினைப்பான். இங்கே வேண்டியது இரண்டு புள்ளிக்கு இடையிலுள்ள வித்தியாசம். உறையில்லாத லைன் கம்பியில் காகம் இருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. ஒரு செட்டை அடுத்த கம்பியில் முட்டினால் போய்விடும். ஆகவே பாடநூலில் உள்ள அழுத்த வேறுபாடு என்பதையே வையுங்கள்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் போனில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கிறார்கள். அங்கே அழுத்தம் என்றால் எங்கள் அமுக்கம். எங்கள் வலு அங்கே திறன். எங்களுக்குத் திறன் என்றதும் வினைத்திறன்தான் நினைவில் வரும். போன கிழமை ஒரு பிள்ளை மின்னழுத்தத்தை அமுக்கத்தின் அலகான பாஸ்கலில் எழுதிவிட்டாள். அவளில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைந்நூலின் பின்னால் இரண்டு நாட்டுச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய வரைவின் மூன்றாம் பக்கத்தில் அம்பியருக்குப் பழைய வரைவிலக்கணம் இருக்கிறது, ஒரு மீற்றர் இடைவெளியில் ஓட்டம் பாயும் இரண்டு கம்பிக்கு இடையிலுள்ள விசையை வைத்துச் சொல்வது. 2019 மே 20 இலிருந்து அது மாறிவிட்டது. ஓர் இலத்திரனின் ஏற்றப் பருமன் 1.602176634×10⁻¹⁹ கூலோம் என்று நிலைநிறுத்தி, அதிலிருந்துதான் அம்பியர் வருகிறது.

மன்னாரிலிருந்து

•

ரீச்சர், காகத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குளத்திலும் வித்தியாசம்தானே? வாய்க்கால் மட்டமும் குளத்து மட்டமும் ஒன்றானால் துருசைத் திறந்தும் பாயாது.

சண்டைக் காலத்தில் வன்னிக்குள் லைன் கறண்ட் இல்லை. எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் எடுத்து றேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் குரல் இறங்கும். மாமா “மட்டம் விடாதை, மட்டம் விடாதை” என்பார். ஒருநாள் சிமினி விளக்குக்கு எண்ணெய் இல்லாமல், அதே டைனமோவில் சைக்கிள் பல்பையும் கொழுவினோம். பெடல் சட்டென்று கனத்தது, சில்லை யாரோ பிடித்து இழுத்த மாதிரி. வேகம் வேறு, கனம் வேறு என்று அந்தக் கையால்தான் படித்தேன். மட்டத்தைத் தந்தது வேகம், கனத்தைத் தந்தது ஓட்டம். அந்தப் பேச்சு இன்னும் என் வாயில் இருக்கிறது. புத்தகத்துச் சொல்லுக்காக அதை விட எனக்கு விருப்பமில்லை.

முள்ளியவளையிலிருந்து

•

தம்பி, உன் மாமாவின் ‘மட்டம்’ அருமையான ஆட்சி. எழுதி வைக்கிறேன். மின்னுமட்டம் என்று உகரத்தோடு போட்டால் நானும் உன் பக்கம்.

வவுனியாவிலிருந்து

•

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டியவர்கள் என்பதால் அழுத்த வேறுபாடு என்றே போடுகிறேன். அலகு வோல்ற்று, ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். வோல்ற்றளவை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் குளம், கட்டு, துருசு, வாய்க்கால் படம் வருகிறது. அதன் கீழே மட்டம் என்ற சொல் இருக்கும். அம்பியரைத் திருத்திவிட்டேன். ரீச்சர் கேட்ட அட்டவணை கடைசிப் பக்கத்தில்.

கிளிநொச்சியிலிருந்து

•

சரி சேர். படத்தின் கீழே இருந்தால் போதாது, ஆனால் நேரம் இல்லை என்று விளங்குகிறது. அந்தப் பிள்ளையை 4 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்கச் சொல்லுங்கள். தடை 0.85 ஓமுக்கு இறங்கும், 54 வோல்ற்று இழப்பு 20 ஆகிவிடும். சனிக்கிழமை நான் வந்து மாற்றிக் கொடுக்கிறேன். அவனுக்கு நான் மட்டம் என்றுதான் சொல்லிக் கொடுப்பேன்.

முள்ளியவளையிலிருந்து