நெறியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். என் ஆய்வேடு என்ன ஆகும்?

எழும்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையிலுள்ள ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் 2023 ஜூலையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்தேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து வெளிவந்த தமிழ் இதழ்களின் வாசகர் கடிதங்களை ஆராய்கிறேன். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் எடுத்த குறிப்புகள் பதினோரு நோட்டுகளை நிரப்பிவிட்டன. ஆனால் எழுதி முடித்தவை இரண்டு இயல்கள்தாம். அவற்றையும் நெறியாளரிடம் கொடுத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறேன் அம்மா" என்கிறார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. தேர்வுப் பணியும் துறைத் தலைவர் பொறுப்பும் அவரை விழுங்கிவிடுகின்றன. அடுத்த மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். புதியவரிடம் மாற்றினால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் தூக்கம் வருவதில்லை.

வழிகாட்டி:
அம்மா, முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் பதிவு செய்தது 2022 நவம்பருக்குப் பிறகு என்பதால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உங்களுக்குப் பொருந்தும். ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளர்களை ஏற்க முடியாது. ஆனால், ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு ஓய்வு வரை நெறியாளராகவும், அதன் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகவும் அவர் தொடரலாம். ஆகவே உங்கள் தலைப்பை அறிந்தவர் உங்களுடனேயே இருப்பார். முதன்மை நெறியாளராக ஒருவரை மட்டும் தேட வேண்டும். அவரை நீங்களும் உங்கள் ஆசிரியரும் சேர்ந்து இப்போதே முடிவு செய்து, கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. மே மாதத்திற்குப் பிறகு கோப்பு நகர்வதற்கே ஒரு பருவம் போய்விடும். காலமும் கையை மீறிவிடவில்லை: பாடநெறி உட்பட மூன்று முதல் ஆறு ஆண்டுகள், மறுபதிவில் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவராக இருந்தால், அது ஐந்தாண்டுகளோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

தரமணிப் பேருந்து:
விதிகள் சரி, ஆனால் ஏழு மாத மௌனத்தை விதி உடைக்காது. நானும் இப்படித்தான் 90 பக்க இயல் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருந்தேன். பிறகு பதினைந்து பக்கங்களை மட்டும் பிரித்து, "இந்தப் பகுதியின் வாதம் நிற்கிறதா?" என்று ஒரே கேள்வியை மின்னஞ்சலில் எழுதி, அடுத்த செவ்வாய் துறைக்கு வருகிறேன் என்று சேர்த்தேன். அவர் அன்றே படித்துவிட்டு, மொத்தத்தையும் மாற்றச் சொன்னார். அது வேறு கதை. பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் விளக்கவுரை நிகழ்த்த வேண்டும் அல்லவா? அதற்கான முன்னேற்ற அறிக்கையில், இயல்களைக் கொடுத்த தேதியைக் குற்றச்சாட்டாக அன்றி வெறும் தகவலாக எழுதுங்கள். குழுவின் பதிவேட்டில் ஏறிய செய்தியை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பதினோரு நோட்டுகள் என்றதும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். வாசகர் கடிதங்களைத் தேடுவது இனிமையான வேலை. எழுதுவதைத் தள்ளிப்போடவும் அதைப் போல வேறொன்றில்லை. பன்னிரண்டாவதைத் தொடங்காதீர்கள்.

கீழ்ப்பாக்கம்:
தூக்கம் வராமல் இருப்பதையும் கவனியுங்கள் சகோதரி. வீட்டாரிடம் சொல்ல முடியாததை டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். என் ஆய்வின் நான்காம் ஆண்டில் எனக்கு அது உதவியது.

எழும்பூர் வாசகி:
மூவருக்கும் நன்றி. இரண்டாம் இயலிலிருந்து பதின்மூன்று பக்கங்களைப் பிரித்து இன்று காலை அனுப்பிவிட்டேன். இணை நெறியாளராகத் தொடரும் பேச்சை எடுத்தபோது, அவரே தம் துறையிலுள்ள இளைய ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மூவரும் சந்திக்கிறோம்.