அறுகம்குடாவில் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாள் அலைச்சறுக்கு

கேள்வி: ஓகஸ்டில் மட்டக்களப்பிலயிருந்து குடும்பமா அறுகம்குடா போறம். மகளுக்கு ஆறு வயசு, கொஞ்சம் நீந்துவாள். எங்க, எப்படித் தொடங்குறது?

பதில் 1: புதுசாப் பழகுறவங்க இறங்குற பேபி பொயின்ட் போங்க, அடி மணல். பெரிய அலை உடையுற மெயின் பொயின்ட் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். காத்து எழும்ப முதல், விடியக்காலமே இறங்குங்க. மேல்பக்கம் மெத்தென்ற ஃபோம் பலகை, ஆறேழு அடி போதும்.

பதில் 2: முதல்ல மணல்ல பத்து நிமிசம். பலகையில குப்புறப் படுக்கட்டும். கூட முன்னுக்குப் படுத்தால் பலகையின் மூக்கு தண்ணிக்குள்ள குத்தும்; கூடப் பின்னுக்கெண்டால் அலை பலகையை விட்டுட்டுப் போயிரும். கையை நெஞ்சுக்குப் பக்கத்தில ஊன்றி எழும்பணும், முழங்கால் மடிஞ்சிருக்கணும். பலகையைக் காலோட பிணைக்கிற கால்கயிறு, நிக்கேக்க பின்னுக்கு இருக்கிற காலில.

தண்ணி உங்கட இடுப்புக்கு மேல வேண்டாம். உடைஞ்சு வாற வெள்ளை நுரை மட்டும். பலகைக்குப் பக்கத்தில நில்லுங்க. கரைப்பக்கம், அதுக்கு முன்னால நிண்டால் அலை தூக்கி உங்களிலயே அடிக்கும். விழுந்தால் தலையைக் கையால மூடிக்கொண்டு எழும்பச் சொல்லிக் குடுங்க, இதுதான் முக்கியம்.

பதில் 3: நீளக்கை லைக்ரா நீச்சல் சட்டை போடுங்க, இல்லாட்டி ஃபோம் உரசி வயிறு சிவக்கும். அரை மணித்தியாலம் காணும். உதடு நடுங்கினால் உடனே கரைக்கு.